மானியம் நிற்கப்போகிறது என்று அவசரப்பட்டு எலெக்ட்ரிக் கார் வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

டிசம்பர் கடைசியிலும் மார்ச் கடைசியிலும் கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் ஒரே பேச்சுதான். "மானியம் நிக்கப்போகுதாமுங்க. இப்பவே ஒண்ணு வாங்கிப் போட்டுட்டா தேவலைங்களா?" ஷோரூம்காரரும் இதையேதான் சொல்கிறார், கொஞ்சம் சத்தமாக. வரி, கணக்கு பார்க்கிற வேலையில் இருப்பதால் இந்தக் கேள்வி எங்கள் மேஜைக்கும் வருகிறது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த மானியம்?

பாதிப் பேருக்கு அதற்குப் பதில் தெரிவதில்லை. அவர்கள் காசைக் கோட்டை விடுவதும் அங்கேதான்.

ஸ்கூட்டர் செய்தியைக் கார் செய்தியாக எடுத்துக்கொள்வது

பேப்பரில் "மின் வாகன மானியம் முடிகிறது" என்று வந்தால் அது பெரும்பாலும் இரு சக்கர வண்டியைப் பற்றியது. மத்திய அரசின் ஃபேம்-2 திட்டம் 2019 ஏப்ரலில் தொடங்கி 2024 மார்ச்சில் முடிந்தது. அதில் கார்களுக்கும் மானியம் இருந்தது, ஆனால் டாக்சியாக ஓடும் கார்களுக்கு மட்டும். வீட்டு உபயோகத்துக்கு வாங்கியவருக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. 2024 அக்டோபரில் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்திலோ கார் என்ற பேச்சே கிடையாது. ஆக, அந்தத் திட்டம் முடிந்தாலும் நீட்டித்தாலும் நீங்கள் வாங்கப்போகும் கார் அதே விலைதான்.

காருக்குக் கிடைப்பது அரசு கையில் தரும் பணம் அல்ல, அரசு வாங்காமல் விடும் வரி. அது மூன்று இடத்தில் இருக்கிறது. ஜி.எஸ்.டி. 2019 ஆகஸ்டிலிருந்து 5 சதவீதம். அதற்கு முன் 12. தமிழ்நாட்டு அரசின் சாலை வரி விலக்கு. அப்புறம் வருமான வரியில் ஒன்றிரண்டு. ஒவ்வொன்றையும் கொடுப்பவர் வேறு, முடியும் தேதியும் வேறு. மூன்றும் ஒரே நாளில் நிற்கும் என்று பயப்பட வேண்டாம். மூன்றும் என்றைக்கும் இருக்கும் என்று நம்பவும் வேண்டாம்.

சத்தமில்லாமல் குறைந்த சலுகையும் ஒன்று உண்டு. 2025 செப்டம்பர் 22 வரை நான்கு மீட்டருக்குள் அடங்கும் சின்ன பெட்ரோல் காருக்கு செஸ்ஸோடு சேர்த்து 29 சதவீத வரி இருந்தது. அன்றிலிருந்து 18. எலெக்ட்ரிக் காருக்கு அதே 5 தான், யாரும் கை வைக்கவில்லை. ஆனால் இரண்டுக்கும் நடுவே 24 புள்ளியாக இருந்த இடைவெளி 13 ஆகிவிட்டது. மானியம் நின்றதாக ஒரு தலைப்புச் செய்தியும் வரவில்லை. பக்கத்துக் கார் மலிவானதே ஒரு மானியக் குறைப்புதான்.

சாலை வரியைச் சில்லறையாக நினைப்பது

தமிழ்நாட்டில் கார் வாங்குபவருக்கு உண்மையான பெரிய சலுகை இதுதான். 2023 நவம்பரில், பதிவின்போது ஒரே தடவையாகக் கட்டும் ஆயுள்காலச் சாலை வரியை ஏற்றினார்கள். கார் விலை 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. எலெக்ட்ரிக் காருக்கு இது முழு விலக்கு. மாநில அரசின் 2019 மின் வாகனக் கொள்கையில் இந்த விலக்கு 2022 டிசம்பர் 31 வரை என்று இருந்தது; 2023 கொள்கையில் 2025 டிசம்பர் 31 வரை என்று போட்டார்கள். ஒவ்வொரு முறையும் தேதி போட்ட விலக்குதான். நீங்கள் வாங்கும்போது எந்த அரசாணை நடப்பில் இருக்கிறது, அதில் என்ன தேதி என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஷோரூமில் கேட்க வேண்டாம்.

ஒரு கணக்கு. 11 லட்சத்துக்கு ஒரு பெட்ரோல் கார், 15 லட்சத்துக்கு ஒரு எலெக்ட்ரிக் கார் என்று வைத்துக்கொள்வோம், இரண்டும் எக்ஸ்-ஷோரூம் விலை. பெட்ரோல் காருக்குச் சாலை வரி 1.98 லட்சம் சேர்ந்து 12.98 ஆகிறது. எலெக்ட்ரிக் கார் 15-லேயே நிற்கிறது. வித்தியாசம் 2 லட்சம். விலக்கு இல்லை என்றால் எலெக்ட்ரிக் காருக்கும் 2.70 லட்சம் வரி, வித்தியாசம் 4.7 லட்சத்துக்குப் போய்விடும்.

இந்தப் பணத்தை ஓட்டித்தான் எடுக்க வேண்டும். பெட்ரோல் 100 ரூபாய், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 67 பைசா. வீட்டில் சார்ஜ் போட்டால் ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர், யூனிட் 9 ரூபாய் என்று கொஞ்சம் கடுமையாகவே வைப்போம். கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். மிச்சம் 5 ரூபாய்க்குச் சற்று மேல்.

திருப்பூரிலிருந்து வாரத்தில் பல நாள் கோவைக்குப் போய்வரும் ஒருவர் மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுகிறார். வருஷத்துக்கு 93,000 ரூபாய் மிச்சம். விலக்கு இருந்தால் இரண்டு வருஷம் சொச்சத்தில் வித்தியாசம் வந்துவிடும். விலக்கே இல்லாமல் போனாலும் ஐந்து வருஷத்தில் வந்துவிடும். இவர் தேதியைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

கோபிசெட்டிபாளையத்தில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் முகூர்த்த நாளில் கல்யாணத்துக்கும் காரை எடுப்பவருக்கு மாதம் 500 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். அவருக்கு விலக்கு இருந்தால் ஆறரை வருஷம், இல்லாவிட்டால் பதினைந்து வருஷம். மானியம் முடிகிறது என்றதும் முதலில் பதறி ஓடுபவர் இவர்தான். வரி விலக்கு இல்லாவிட்டால் கட்டுப்படியாகாத வண்டி, விலக்கு இருந்தாலும் அவருக்குப் பெரிதாகக் கட்டுப்படியாவதில்லை. சத்தமில்லாத வண்டி பிடித்திருக்கிறது, புகை வேண்டாம் என்று வாங்கினால் அது வேறு, தாராளமாக வாங்கலாம். லாபத்துக்காக வாங்குகிறேன் என்று சொல்லிக்கொள்ளாமல் இருந்தால் சரி.

புக்கிங் போட்டால் போதும் என்று இருப்பது

ஜெர்மனியில் நடந்ததைப் பாருங்கள். 2023 டிசம்பர் 16, சனிக்கிழமை. எலெக்ட்ரிக் கார் மானியத்துக்கு அடுத்த நாளோடு விண்ணப்பம் நிறுத்தம் என்று அறிவித்தார்கள். விண்ணப்பிக்க வேண்டுமென்றால் கார் பதிவாகியிருக்க வேண்டும். பணம் கட்டி மாதக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு வண்டி வருவதற்குள் மானியம் போய்விட்டது. சில கம்பெனிகள் தாங்களே அந்தப் பணத்தை ஏற்றுக்கொண்டன, எல்லோரும் அல்ல.

இங்கேயும் சாலை வரி என்பது பதிவு செய்யும்போது கட்டுவது. புக்கிங் ரசீதில் உள்ள தேதி ஆர்.டி.ஓ.வுக்குத் தேவையில்லை. எனவே விலைப் பட்டியல் வாங்கும்போது "சாலை வரி: இல்லை" என்ற வாசகத்தைத் தனியாகப் போடச் சொல்லுங்கள். டெலிவரி தள்ளிப்போய் அதற்குள் விதி மாறினால் அந்த வரி யார் தலையில் என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் அவருக்கே டெலிவரி தேதியில் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம்.

ஒரு மாத விற்பனையைப் பார்த்து முடிவு கட்டுவது

மானியம் நிற்கும்போது சந்தையில் எப்போதும் ஒரே கூத்துதான். கடைசி மாதத்தில் கூட்டம் அள்ளும், அடுத்த மாதம் ஈ ஓட்டுவார்கள். 2023 ஜூன் 1-ஆம் தேதி ஸ்கூட்டர் மானியத்தைக் குறைத்தார்கள். மே மாதத்தில் நாடு முழுக்க ஒரு லட்சத்தைத் தாண்டிப் பதிவான மின் இருசக்கர வண்டிகள் ஜூனில் அதில் பாதிகூட இல்லை. 'பேட்டரி வண்டி கதை முடிஞ்சது' என்றார்கள். அடுத்த மார்ச்சில், ஃபேம்-2 முடியும் மாதத்தில், மறுபடி உச்சம். ஏப்ரலில் மறுபடி சரிவு. இதற்கு நடுவில் கம்பெனிகள் சின்ன பேட்டரி போட்ட, விலை குறைந்த வண்டிகளை இறக்கிவிட்டன. ஆண்டுக் கணக்கில் விற்பனை கூடத்தான் செய்தது.

அமெரிக்காவிலும் அப்படியே. அங்கே 7,500 டாலர் வரிச் சலுகை 2025 செப்டம்பர் 30-உடன் நின்றது. அதற்கு முந்தைய மூன்று மாதம் சாதனை விற்பனை, அக்டோபரில் சடாரென்று கீழே. உடனே ஹூண்டாய் தன் ஐயோனிக் 5 விலையை 9,800 டாலர் வரை குறைத்தது. சலுகை போன அளவுக்கு வாங்குபவர் கையிலிருந்து கூடுதலாகப் போகும் என்பது எப்போதும் நடப்பதில்லை. கம்பெனி கொஞ்சம் விழுங்கும், டீலர் கொஞ்சம் விழுங்குவார். கூட்டம் அலைமோதும் கடைசி வாரத்தில்தான் யாரும் எதையும் விட்டுத் தர மாட்டார்கள்.

ஆனால் ஜெர்மனியில் வலி நிஜம். 2023-இல் ஐந்து லட்சத்தைத் தாண்டிய எலெக்ட்ரிக் கார் பதிவு, 2024-இல் 3.8 லட்சமாக, 27 சதவீதம் விழுந்தது. சீனாவில் 2022 கடைசியில் மத்திய மானியத்தை நிறுத்தினார்கள், விற்பனை அடுத்த வருஷம் ஏறியது. என்ன வித்தியாசம்? சீனாவில் வாங்கும்போது கட்டும் வரிக்கு விலக்கு தொடர்ந்தது. மலிவான மாடல்கள் நிறைய இருந்தன. கம்பெனிகள் ஒன்றோடொன்று போட்டி போட்டு விலையைக் குறைத்தன. நம் ஊரில் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால், பத்து லட்சத்துக்குக் கீழே எத்தனை நல்ல மாடல் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கச் சொல்வேன். தேதியைவிட அந்த எண்ணிக்கைதான் சந்தையைத் தீர்மானிக்கும்.

இலவச மின் இணைப்பில் சார்ஜ் போடுவது

இது நம் பக்கத்துக்கே உரிய தவறு. தோட்டத்துச் சாளையில் குடியிருப்பவர்களுக்குக் கிணற்று மோட்டாருக்கு இலவச மின்சாரம் இருக்கிறது. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம். 'அரசாங்கம் கார் மானியத்தை நிறுத்தினால் என்ன, கரண்ட் சும்மாதானே' என்று மோட்டார் ரூமிலிருந்து ஒரு ஒயரை இழுத்துவிடுகிறார்கள்.

விவசாயத்துக்குக் கொடுத்த சர்வீஸை வேறு வேலைக்குப் பயன்படுத்தினால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவு வரும். எப்போதிருந்து போட்டீர்கள் என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் சோதனை நாளிலிருந்து பின்னோக்கி ஒரு வருஷத்துக்குக் கணக்கிடுவார்கள், அதுவும் உரிய கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு. 1972-இல் மின்கட்டண உயர்வை எதிர்த்து மாட்டு வண்டிகளோடு கோவைக்குள் நுழைந்தவர்கள் வாங்கித் தந்த சலுகையின் மேல் கார் சார்ஜரைத் தொங்கவிடுவது எனக்கு அவ்வளவு ரசிக்கவில்லை. அது என் சொந்த அபிப்பிராயம்.

வீட்டு சர்வீஸிலும் கவனம் வேண்டும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் பில் கணக்கே மாறும். 2024 ஜூலைக் கட்டணப்படி 400 யூனிட்டுக்கு 1,175 ரூபாய். கார் வந்து 300 யூனிட் சேர்ந்து 700 ஆனால் 3,825. அந்த 300 யூனிட்டுக்கு மட்டும் 2,650 ரூபாய். யூனிட் 9 ரூபாய் கிட்ட. மேலே 9 என்று வைத்தது இதனால்தான். 'யூனிட் நாலேமுக்கால் ரூபாய்' என்று ஷோரூமில் போடும் கணக்கு காலி வீட்டுக்குத்தான் சரிவரும்.

கம்பெனி பெயரில் வாங்கினால் எல்லாம் கிடைக்கும் என்று நினைப்பது

பனியன் கம்பெனி, பவுண்டரி வைத்திருப்பவர்கள் மூன்று விஷயத்தைக் குழப்புகிறார்கள். எலெக்ட்ரிக் கார் கடன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் வரை கழிவு தந்த, வருமான வரிச் சட்டத்தின் 80இஇபி பிரிவு தனிநபருக்கு மட்டும். அதுவும் 2023 மார்ச் 31-க்குள் அனுமதியான கடனுக்கு. இன்றைக்கும் அதைச் சொல்லி விற்கிறார்கள். வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.யும் (உள்ளீட்டு வரி) சாதாரண காருக்குத் திரும்பக் கிடைக்காது, எலெக்ட்ரிக் என்பதால் விதி மாறாது. கிடைப்பது தேய்மானம், அதாவது காரின் மதிப்பில் ஆண்டுதோறும் செலவாகக் கழித்துக்கொள்ளும் பங்கு: மற்ற காருக்கு 15 சதவீதம், எலெக்ட்ரிக் வண்டிக்கு 40. இதுதான் உருப்படியான சலுகை.

ஆனால் விற்கும்போது அதற்கு ஒரு வால் இருக்கிறது. தனிநபர் தன் பழைய காரை விற்றால் ஜி.எஸ்.டி. கிடையாது. ஜி.எஸ்.டி. பதிவுள்ள கம்பெனி, தேய்மானம் எடுத்த காரை விற்றால், விற்ற விலைக்கும், தேய்மானம் போக மிஞ்சும் புத்தக மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்துக்கு 18 சதவீதம் கட்ட வேண்டும். 2024 டிசம்பர் ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவுப்படி எலெக்ட்ரிக் காருக்கும் இதுதான். 15 லட்சம் கார் 40 சதவீதத் தேய்மானத்தில் மூன்று வருஷத்தில் புத்தகத்தில் 3.24 லட்சமாகிவிடும். 7 லட்சத்துக்கு விற்றால் 3.76 லட்சத்துக்கு வரி, 67,680 ரூபாய். வாங்குபவரிடம் விலை பேசும்போதே இதைச் சேர்த்துப் பேசிவிடுங்கள். கை கொடுத்து முடித்த பிறகு கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.