சீயக்காய்க்கு மாறுகிறவர்களுக்கு, மாவு மில்லில் இருந்து

கோபிசெட்டிபாளையத்தில் மாவு மில் நடத்துகிறேன். கோதுமை, ராகி, மிளகாய், மல்லி என்று எது வந்தாலும் அரைத்துத் தருவோம். சீயக்காய்க்கு மட்டும் தனி மெஷின், வாரத்தில் தனி நாள். அந்தத் தூள் ஒட்டியிருக்கும் மெஷினில் மாவு அரைத்தால் களி கசந்துவிடும். கொஞ்ச காலமாக அந்த நாளில் புதுமுகங்கள் நிறைய வருகிறார்கள். ஷாம்புவை விட்டுவிடப் போகிறோம் என்று ஆசையாக வருகிற அவர்களில் சிலர் முதல் டப்பா தீர்வதற்குள் நிறுத்திவிடுகிறார்கள். ஏனம்மா என்று கேட்டால், "எண்ணெய் போகவில்லை அக்கா, முடி வைக்கோலாகிவிட்டது, கண் எரிகிறது" என்பார்கள். இந்த மூன்றையும் சரிசெய்யலாம். ஷாம்பு போடுகிற பழக்கத்திலேயே சீயக்காயையும் தேய்ப்பதால் வருகிற தொல்லை இது.

முதலில் சாமான். ஒரு கிலோ சீயக்காய்க்குக் கால் கிலோ பச்சைப்பயறு, 100 கிராம் வெந்தயம், 100 கிராம் பூந்திக்கொட்டை, கைப்பிடி காய்ந்த செம்பருத்தி இலை. வாசனை வேண்டுமென்றால் பூலாங்கிழங்கு 50 கிராம். இவ்வளவு போதும். இருபது சாமான் எழுதிய பட்டியலோடு வருகிறவர்களிடம் பாதியைத் திருப்பி எடுத்துப் போகச் சொல்வேன். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. நல்ல சீயக்காயைக் குலுக்கினால் உள்ளே விதை கலகலக்கும், ஒடித்தால் படக்கென்று ஒடியும். வளைந்துகொடுத்தால் ஈரம் இருக்கிறது, இன்னும் இரண்டு வெயில் காட்ட வேண்டும். பூந்திக்கொட்டையை வீட்டிலேயே தட்டி, உள்ளிருக்கும் கறுப்பு விதையை எடுத்துவிட்டுத் தோலை மட்டும் கொண்டுவாருங்கள். அந்த விதை கல் மாதிரி. ஒன்றிரண்டு தவறி உள்ளே போனாலே மெஷின் போடுகிற சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

மெல்லிய சல்லடை போட்டு அரைக்கச் சொல்லுங்கள். கொரகொரப்பான பொடி தலைமுடிக்குள் சிக்கிக்கொண்டு, காய்ந்த பிறகும் சீப்பில் உதிரும். அதைப் பொடுகு என்று நினைத்துப் பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அரைத்து வாங்கும்போது பொடி சுடச்சுட இருக்கும். அப்படியே டப்பாவில் அடைத்தால் வியர்த்துக் கட்டி பிடித்துவிடும். செய்தித்தாளில் பரப்பி, முழுக்க ஆறிய பிறகு அடையுங்கள். பயறு சேர்த்த பொடியில் வண்டு சீக்கிரம் விழும். ஆகவே சிறிய குடும்பமாக இருந்தால் சீயக்காயைத் தனியாக அரைத்து வைத்துக்கொண்டு, பயற்றம்மாவையும் வெந்தயத்தையும் அந்தந்த முறைக்குக் கலந்துகொள்வது நல்லது. வீசிங் இருப்பவர்கள் அரைக்கும் இடத்துக்கு வரவே வேண்டாம். எங்கள் ஆட்கள் துண்டால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டுதான் அரைக்கிறார்கள், அப்படியும் தும்மல் நிற்காது.

இனி எண்ணெய். மாறுகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். சீயக்காயில் அழுக்கை எடுப்பது சபோனின் என்ற பொருள். ஷாம்புவில் இருக்கும் சோடியம் லாரெத் சல்ஃபேட் அளவுக்கு அதற்கு எண்ணெயைப் பிடுங்கும் வேகம் கிடையாது. சீயக்காயின் குணமே அந்த மென்மைதான். உள்ளங்கை வழிய எண்ணெய் வைத்துவிட்டு ஒரே தேய்ப்பில் போகவில்லை என்றால் பொடி என்ன செய்யும்? இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக்கி, தலைத்தோலில் விரல் நுனியால் தேய்த்து, அரை மணி நேரம் விட்டால் போதும். எங்கள் பக்கத்தில் விளக்கெண்ணெய் வைக்கும் பழக்கம் உண்டு. நல்ல எண்ணெய்தான், ஆனால் பிசுக்கு அதிகம். சீயக்காய் கைக்குப் பழகும்வரை அதை ஒதுக்கி வையுங்கள்.

இடுப்பு வரை முடி இருந்தால் நான்கு டேபிள் ஸ்பூன் பொடி, தோள் வரை என்றால் இரண்டு. சாதம் வடித்த கஞ்சி வெதுவெதுப்பாக இருக்கும்போது அதில் கரைத்துக் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். உலர்ந்த பொடியை நேராகத் தலையில் போட்டுத் தேய்க்கவே கூடாது. ஊறிய பிறகு கரைசல் தோசை மாவைவிடத் தளர்வாக, விரலில் வழுவழுவென்று இழுபடும். மேலே சன்னமாக நுரை நிற்கும். மெல்லிய பருத்தித் துணியில் வடிகட்டினால் முடியில் திப்பி தங்காது, குளியலறைக் குழாயும் அடைத்துக்கொள்ளாது. தலையை முன்னால் கவிழ்க்காமல் பின்னால் சாய்த்துக்கொண்டு, வகிடு வகிடாகப் பிரித்து ஊற்றித் தேய்த்து அலசுங்கள். கண் எரிச்சல் பாதி குறைந்துவிடும். பிறகு இன்னொரு முறை. இரண்டாம் முறையில்தான் தலை சுத்தமாகும். மிஞ்சிய கரைசலை நாளைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள், புளித்து நாறும்.

முடி வைக்கோல் போல் ஆவதற்கு வேறு காரணம் உண்டு. நிறைய ஷாம்புவிலும் கண்டிஷனரிலும் சிலிக்கோன் இருக்கிறது. அது முடியின்மேல் படலமாகப் படிந்து பளபளப்பைக் காட்டும். அந்தப் படலம் போனதும் முடியின் உண்மையான நிலை கைக்குத் தெரிகிறது. அதோடு போர்த் தண்ணீரின் உப்பும் சேர்ந்துகொள்ளும். ஆற்றுத் தண்ணீர் ஓடும் எங்கள் ஊர்த் தடப்பள்ளி வாய்க்கால் ஓரத்து வீடுகளில் இந்தப் புகார் குறைவு. ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் பக்கங்களில் அதிகம். கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஆற்றுத் தண்ணீரோ மழைநீரோ வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் இல்லையென்றால் அரை வாளித் தண்ணீரில் ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. சாற்றை அப்படியே தலையில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகாதீர்கள், தோல் வெந்துபோகும். ஆப்பச்சோடாவால் தலை கழுவச் சொல்பவர்களைக் கேட்காதீர்கள். அது காரத்தன்மை உள்ளது (அமிலத்துக்கு எதிரானது), முடியின் மேல்செதில்களைத் தூக்கிவிட்டுச் சொரசொரப்பாக்கிவிடும்.

வறண்ட முடிக்காரர்களுக்கு நான் சொல்வது அரப்பு. மதுரைப் பக்கம் உசிலை என்கிற மரத்தின் இலைதான் அது, காயவைத்துப் பொடித்தது. சீயக்காயைவிட மிருது, முடி கைக்குள் வழுக்கும். மோரில் கரைத்து ஊறவைத்த அரப்பைத்தான் இயற்கை விவசாயம் செய்கிறவர்கள் பயிருக்கும் தெளிக்கிறார்கள். பாதி அரப்பு, பாதி சீயக்காய் என்று கலந்து தொடங்கினால் மாற்றம் அவ்வளவாக உறுத்தாது.

ஷாம்புவை ஒரே நாளில் தூக்கிப்போடச் சொல்ல மாட்டேன். கடலூரில் சின்னி கிருஷ்ணன் பாக்கெட் ஷாம்புவுக்கு வழிகாட்டினார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் சிக் ஷாம்புவோடு தொழில் தொடங்கினார். பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கிய அந்தப் பாக்கெட், உரலில் இடிப்பது, ஊறவைப்பது, வடிகட்டுவது எல்லாவற்றிலிருந்தும் பெண்களை விடுவித்தது. அந்த நேரத்தின் அருமை எனக்குத் தெரியும். ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கிற பெண்ணிடம் கஞ்சி வடித்துக் கரைத்துக்கொள் என்று சொல்வது நியாயமில்லை. விடுமுறை நாள் குளியலைச் சீயக்காய்க்கு மாற்றுங்கள், வாரத்தின் நடுவில் ஷாம்பு இருக்கட்டும். கை பழகியதும் அதுவும் தானே குறையும்.

இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பொடுகுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த கீட்டோகோனசோல் ஷாம்புவை என் பேச்சைக் கேட்டு நிறுத்தாதீர்கள். பொடுகுக்குத் துணைபோகும் பூஞ்சை தலைத்தோலின் எண்ணெயைத் தின்று வளர்வது. அந்த நேரத்தில் எண்ணெய் வைப்பதும் ஆகாது. முடி திடீரென்று கொத்துக்கொத்தாக உதிர்ந்தால் பொடியை மாற்றிக்கொண்டிருக்காமல் இரத்தத்தில் இரும்புச்சத்தையும் தைராய்டையும் பார்த்துவிடுங்கள். பிள்ளை பெற்ற மூன்று நான்கு மாதத்தில் உதிர்வது வேறு, அது பெரும்பாலும் தானே நிற்கும். நரைத்த முடிக்காரர்கள் பூந்திக்கொட்டையைக் குறைத்து அரப்பைக் கூட்டிக்கொள்ளலாம். துவட்டுவதற்கு வெள்ளைத் துண்டு வேண்டாம், பழுப்புக் கறை ஏறினால் போகாது.