ஜீப் ஏறுவதற்கு முன்னால்: இலங்கைக் காட்டுக்குக் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

குன்றக்குடிக் கோவில் யானை சுப்புலட்சுமிக்குப் பழம் கொடுத்துப் பழகியவள் என் மகள். 2024 செப்டம்பரில் தீக்காயம் பட்டு அது இறந்தபோது ரெண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் ஒருநாள், "சங்கிலி இல்லாத யானையைப் பார்க்கணும்மா" என்றாள். அதற்காகத்தான் அடுத்த மே விடுமுறையில் இலங்கைக்குப் போனோம். நான், கணவர், பத்து வயது மகள், எழுபத்திரண்டு வயது அம்மா. எனக்கு அது இரண்டாவது பயணம். முதல் பயணத்தில் பட்டதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நம் பக்கத்து ஆட்கள் இலங்கை என்றதும் கதிர்காமம் போவோம், பக்கத்திலேயே யால காடு இருக்கிறதே, அதையும் பார்த்துவிடுவோம் என்றுதான் திட்டம் போடுவார்கள். நாங்களும் முதல் தடவை அப்படித்தான் செய்தோம். யால 1938லேயே தேசியப் பூங்காவான பெரிய காடு. சிறுத்தைக்குப் பெயர் போனது. தீவில் புலியும் கிடையாது, சிங்கமும் கிடையாது, காட்டுக்கு ராஜா சிறுத்தைதான். அதனால் வருகிற எல்லோருக்கும் அதன் மேலேதான் கண். எங்கள் ஜீப்பை ஓட்டியவருக்கு போனில் தகவல் வந்ததும் பறந்தார். போய்ப் பார்த்தால் இருபது ஜீப்புகள், ஒரே புழுதி. கிளையில் தொங்கிய வாலைப் பார்த்தோம், அவ்வளவுதான். அம்மாவுக்கு ஒரு வாரம் இடுப்பு வலி.

இந்தத் தடவை உடவளவைக்குப் போனோம். சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் கூட வந்தால் உடவளவைதான் என் சிபாரிசு. வளவை ஆற்றில் அணை கட்டியபோது இடம் இழந்த விலங்குகளுக்காக 1972ல் ஒதுக்கிய காடு அது, சுமார் 308 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி புல்வெளியும் புதரும் என்பதால் யானை தூரத்தில் நின்றாலும் தெரியும். மே மாதம் என்றில்லை, ஆண்டு முழுவதும் யானைகள் இருக்கும். யாலவையும் பார்த்தே தீரவேண்டும் என்றால் ஜூன், ஜூலையில் போங்கள். பாலை மரம் பழுக்கிற காலம், பழத்துக்காகக் கரடி வரும். செப்டம்பர், அக்டோபரில் வறட்சிக்காகச் சில வாரங்கள் மூடுவது வழக்கம், விசாரிக்காமல் டிக்கெட் போடாதீர்கள்.

பயணம் சுலபம்தான். திருச்சி, மதுரை ரெண்டு ஊரிலிருந்தும் கொழும்புக்கு விமானம் உண்டு, ஏறக்குறைய ஒரு மணி நேரம். காரைக்குடிக்காரர்களுக்கு ரெண்டும் ஒரே தூரம். ஈ.டி.ஏ. என்கிற இணையவழிப் பயண அனுமதியை இலங்கை அரசின் இணையதளத்தில் பார்த்து வாங்குங்கள். கொழும்பிலிருந்து உடவளவைக்குக் காரில் நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் தயாரிப்பை ஊரிலேயே ஆரம்பிக்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் மூன்று ஞாயிற்றுக்கிழமை மகளை வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிப்போனேன். பறவைகள் மிரளக்கூடாது என்று அதைச் சுற்றியுள்ள ஊர்களில் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை, சத்தம் போடாமல் இருப்பதைப் பழக அதைவிட நல்ல இடம் எது? கண்மாய்க் கரையில் உட்கார்ந்து பைனாகுலரில் நத்தைகுத்தி நாரையைத் தேடிப் பழகினாள். முதல் வாரம் பத்து நிமிஷம்கூட உட்காரவில்லை. மூன்றாவது வாரம் முக்கால் மணி நேரம் இருந்தாள். பைனாகுலரைக் காட்டுக்குப் போன பிறகு முதல்முறையாகக் கையில் கொடுத்தால் பிள்ளை அதைத் திருகிக்கொண்டிருக்கும்போதே யானை போய்விடும்.

இப்போது முக்கியமான விஷயம், ஜீப் ஓட்டுநர். முதல் நாள் மாலையே அவரை நேரில் பார்த்துப் பேசிவிடுங்கள். நான் சொன்னது இதுதான்: "எங்களுக்குச் சிறுத்தை வேண்டாம், நிறைய விலங்கு வேண்டாம். யாரும் போனில் கூப்பிட்டாலும் போகவேண்டாம். தண்ணீர் ஓரமாக இன்ஜினை அணைத்துவிட்டு அரை மணி நேரம் நிற்கவேண்டும்." அவர் முகம் மலர்ந்தது இன்னும் நினைவிருக்கிறது. எதையாவது காட்டாவிட்டால் சுற்றுலாக்காரர்கள் கோபிப்பார்களே என்ற பயத்தில்தான் பலர் விரட்டி ஓட்டுகிறார்கள். அந்தப் பயத்தை நாம்தான் எடுக்கவேண்டும். வாடகை, நுழைவுக் கட்டணம், அதன் மேல் சேவைக் கட்டணம், வரி எல்லாம் தனித்தனி. எது எவ்வளவு என்று அப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். மூன்று சிங்களச் சொல் போதும்: "ஹெமின்" என்றால் மெதுவாக, "நவத்தன்ன" என்றால் நிறுத்துங்கள், "அலியா" என்றால் யானை. தந்தம் உள்ள யானைக்கு "ஏத்தா" என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். அங்கே ஆண் யானைகளிலும் தந்தம் உள்ளது அபூர்வம்.

காலை 6 மணிக்கு வாசல் திறக்கும்போது முதல் ஆளாக நில்லுங்கள். பெரியவர்களை ஓட்டுநருக்கு நேர் பின்னால் உள்ள வரிசையில் உட்காரவையுங்கள், கடைசி வரிசையில்தான் குலுக்கல் அதிகம். பழைய பருத்திச் சேலை, தலைக்கு ஒரு துண்டு, பச்சை அல்லது மண் நிறம். கழிவறைக்கு விடுதியிலேயே போய்விட்டு வந்துவிடுங்கள். தேன்குழலும் சீப்புச்சீடையும் பெட்டியில் இருக்கட்டும், ஜீப்பில் வேண்டாம். கடிக்கிற சத்தம் நமக்கே பெரிதாகக் கேட்கும். பாலிதீன் பையே எடுக்காதீர்கள், தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் போதும்.

நீர்த்தேக்கத்தின் ஓரம், தண்ணீருக்குள் பட்டுப்போய் நிற்கும் மரங்கள் தெரிகிற இடத்தில் இன்ஜினை அணைத்தார். இருபது நிமிஷம் எருமைகளும் மயில்களும்தான். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் புதருக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்தன, பதினொன்று. ஒரு குட்டி தாயின் நாலு காலுக்கு நடுவிலேயே நடந்தது. தும்பிக்கையை என்ன செய்வதென்று தெரியாமல் சுழற்றியது. ஒரு பெரியது காலால் புல்லைத் தட்டிப் பிடுங்கி, மண் போகத் தன் முழங்காலில் அடித்து உதறிவிட்டுத் தின்றது. நம் வீட்டில் கீரையை உதறுவது மாதிரியே இருந்தது. மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாளே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. காதை விரித்து, வாலை விறைத்து நம்மைப் பார்த்து யானை நின்றால் பின்வாங்கச் சொல்லுங்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே மதநீர் வழிந்தால் பக்கத்திலேயே போகவேண்டாம்.

ஒன்றை மன்றாடிக் கேட்கிறேன். உடவளவையிலிருந்து தணமல்வில என்ற ஊருக்குப் போகிற சாலையில் மின்வேலிக்கு அந்தப் பக்கம் யானைகள் நின்று தும்பிக்கையை நீட்டும். பழம் கொடுக்காதீர்கள். கோவில் யானைக்குக் கொடுத்த கை நமக்கு, சும்மா இருக்காது, தெரியும். ஆனால் அப்படிப் பழகிய யானை மனிதனைத் தேடிச் சாலைக்கு வரும், அதனால் அதற்கும் ஆபத்து, வருகிறவர்களுக்கும் ஆபத்து. ஆசை தீர, பக்கத்திலேயே வனஜீவராசிகள் துறை 1995 முதல் நடத்துகிற அநாதை யானைக்குட்டி இல்லத்துக்குப் போங்கள். குறித்த நேரத்தில் பால் கொடுப்பார்கள், தள்ளி மேடையில் நின்றுதான் பார்க்கமுடியும், தொடமுடியாது. வளர்ந்ததும் குட்டிகளைக் காட்டிலேயே கொண்டுபோய் விடுகிறார்கள். அதைக் கேட்டதும் மகள், "சங்கிலி போடமாட்டாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள்.

கதிர்காமத்தைக் கடைசிக்கு வையுங்கள். உடவளவையிலிருந்து ரெண்டு மணி நேரம்தான். மாணிக்க கங்கையில் புழுதி போகக் குளித்துவிட்டு மாலை பூஜைக்குப் போகலாம். அதே ஆறுதான் கீழே யால காட்டுக்குள் ஓடுகிறது, ஆகவே சோப்பு, ஷாம்பூ எதையும் தண்ணீரில் இறக்காதீர்கள்.