மலிவு விலை ட்ரெமோலோ பெடல்: வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காசுக்கேற்ற தோசை என்பார்கள். எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒலியைக் காலால் மிதித்து மாற்றும் எஃபெக்ட் பெடல்களில் அந்தக் கணக்கு அவ்வளவாகச் செல்லுபடியாகாத ஒரு வகை உண்டென்றால் அது ட்ரெமோலோதான். எதிரொலி தரும் டிலே, அறையின் முழக்கம் தரும் ரிவெர்ப் போன்றவற்றில் மலிவுப் பெட்டிக்கும் விலை உயர்ந்த பெட்டிக்கும் உள்ள தூரம் சீக்கிரமே காதில் விழுந்துவிடும். ட்ரெமோலோ செய்கிற வேலையோ மிக எளியது: கிட்டாரின் ஒலியளவை ஒரே சீராக ஏற்றி இறக்குகிறது, அவ்வளவுதான். 1940களில் டிஆர்மண்ட் நிறுவனம் இதைத் தனிப் பெட்டியாக விற்றபோது, மின்சாரத்தைக் கடத்தும் திரவம் அடைத்த ஒரு குப்பியை மோட்டார் வைத்துக் குலுக்கியே இந்த விளைவை வரவழைத்தார்கள். இன்று அதற்குச் சில ரூபாய் மதிப்புள்ள மின்னணு உறுப்புகள் போதும்.

ஆகவே மலிவான பெடலில் ட்ரெமோலோ ஒலி வராமல் போவது அரிது. வாங்கியவர்கள் வருந்துவதெல்லாம் அந்த ஒலியைச் சுற்றியிருக்கும் சங்கதிகளுக்காக. பெடலைப் போட்டால் ஒலியளவு குறைகிறது, பின்னணியில் டிக் டிக் என்று கேட்கிறது, வேண்டிய வேகம் வரவில்லை, அடாப்டர் ஒத்துவரவில்லை. விளம்பரங்களில் இவை இடம்பெறுவதில்லை என்பதால் வாங்குபவர்தான் தேடிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கலாம்

முதலில் உங்கள் ஆம்பை (ஆம்ப்ளிஃபயரை) பாருங்கள். பாஸ் கட்டானா, ஃபெண்டர் மஸ்டாங் போன்ற டிஜிட்டல் ஆம்ப்களில் ட்ரெமோலோ உள்ளேயே இருக்கிறது. விலை குறைந்த மல்டி எஃபெக்ட் கருவிகளிலும் பெரும்பாலும் இருக்கும். மெனுவில் நான்கு அடுக்கு உள்ளே கிடப்பதால் பலர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். பழைய பாணி ஆம்பில் ட்ரெமோலோ இருந்தும் கால் சுவிட்ச் இல்லாமல் அதைப் பயன்படுத்தாமல் விட்டவர்களும் உண்டு. அவர்களுக்குத் தேவை ஒரு சாதாரண கால் சுவிட்ச்தான். பெடல் வாங்கும் பணத்தில் சிறு பங்கு போதும்.

பெயரிலும் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. ட்ரெமோலோ என்றால் ஒலியளவின் அசைவு. விப்ராட்டோ என்றால் சுருதியின் அசைவு. ஃபெண்டர் நிறுவனம் இரண்டையும் மாற்றிப் பெயரிட்டுவிட்டது. 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் சுருதி வளைக்கும் கம்பிக்கு ட்ரெமோலோ என்று பெயர் வைத்தது. ஒலியளவை அசைக்கும் தன் ஆம்ப்களின் குமிழுக்கு மேல் விப்ராட்டோ என்று அச்சிட்டது. அதன் விளைவாக, ஃபெண்டர் ஆம்பில் கேட்டு மயங்கிய ஒலியைத் தேடிப் போய் விப்ராட்டோ பெடலை வாங்கிவந்து, கிட்டார் சுருதி விலகிவிட்டதோ என்று குழம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கடையில் பெயரை விடுங்கள், சுருதி அசைகிறதா ஒலியளவு அசைகிறதா என்று கேளுங்கள்.

வால்யூம் குமிழ் இல்லாத பெடல்

ஒரே ஒரு அம்சத்துக்குத்தான் கூடுதல் பணம் கொடுக்கலாம் என்றால் நான் இதற்குக் கொடுப்பேன். ட்ரெமோலோ பெடலை மிதித்தவுடன் கிட்டார் பின்னால் போய்விட்டதுபோல் தோன்றுவது மிகப் பரவலான புகார். பெரும்பாலும் பெடல் பழுதாகியிருக்காது. அலையின் உச்சியில் ஒலி, பெடல் போடாதபோது இருந்த அதே அளவுக்கு வருகிறது. பள்ளத்தில் ஏறக்குறைய மௌனமாகிறது. காது உச்சியை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை, சராசரியையும் சேர்த்தே எடை போடுகிறது. ஏற்ற இறக்கம் எவ்வளவு பெரியது என்பதை அமைக்கும் ஆழக் குமிழை முழுவதும் திருப்பி, மென்மையான சைன் அலையாக வைத்துக் கணக்கிட்டால், வெளிவரும் சராசரி ஆற்றல் முன்பிருந்ததில் 37.5 விழுக்காடுதான். டெசிபெலில் சொன்னால் 4க்குச் சற்று மேற்பட்ட இறக்கம். டிரம்ஸும் பேஸும் முழங்கும் மேடையில் அந்த 4 டெசிபெல் போனால் கிட்டாரே போனதுபோலத்தான்.

இதை ஈடுகட்ட, பெடலே ஒலியைச் சற்று உயர்த்தித் தர வேண்டும். அதற்குத்தான் வால்யூம் அல்லது லெவல் என்ற தனிக் குமிழ். 1990களிலிருந்து விற்பனையில் இருக்கும் பாஸ் டிஆர்-2இல்கூட வேகம், ஆழம், அலை வடிவம் என்று மூன்று குமிழ்கள்தான், வால்யூம் கிடையாது. அதே அமைப்பைப் பின்பற்றி மிகக் குறைந்த விலையில் வரும் பெரிஞ்சர் யூடி300இலும் அப்படியே. இவை மோசமான பெடல்கள் என்று நான் சொல்லவில்லை. ஆழத்தைப் பாதிக்கு மேல் திருப்பாதவருக்கு இறக்கம் பெரிதாகத் தெரியாது. முழு ஆழத்தில் வெட்டி வெட்டி வாசிக்க நினைப்பவர்தான் யோசிக்க வேண்டும். வால்யூம் குமிழ் இல்லாத பெடலை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், அதற்குப் பின்னால் ஒலியளவை உயர்த்தும் ஒரு மலிவான பூஸ்ட் பெடலை வைத்து இரண்டையும் சேர்த்து மிதித்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கும் சேர்த்துச் செலவழித்தால் மலிவு எங்கே போயிற்று?

சோதிப்பது எளிது. ஈ மேஜர் கார்டை ஒரே அழுத்தத்தில் அடித்துக்கொண்டே பெடலை மிதித்து மிதித்து அணைத்துப் பாருங்கள். ஆழத்தைக் கால்வாசி, பாதி, முழுவதும் என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கூடவே ஏதாவது ஒரு பாட்டைப் பின்னணியில் ஓடவிட்டால் இன்னும் நல்லது. தனியாகக் கேட்கும்போது தெரியாத இறக்கம் அப்போது பளிச்சென்று தெரியும்.

டிக் டிக்

ஒலியளவை ஏற்றி இறக்க, பெடலுக்குள் மெதுவான ஓர் அலையை உண்டாக்கும் சுற்று இருக்கிறது. அது ஒவ்வொரு முறை நிலை மாறும்போதும் மின்சாரத்தைச் சட்டென்று இழுக்கிறது. உள்ளே கம்பித் தடங்கள் நெருக்கமாகவும் மின் வடிகட்டல் சிக்கனமாகவும் இருந்தால் அந்த இழுப்பு ஒலிப் பாதைக்குள் கசிந்து, கடிகாரம் ஓடுவதுபோலக் கேட்கும். செங்குத்தாக ஏறி இறங்கும் சதுர அலையில் இது மோசமாக இருக்கும். விலையைக் குறைப்பதற்காகத் தயாரிப்பாளர்கள் கைவைக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

வாசித்துக்கொண்டிருக்கும்போது இது கேட்காது என்பதுதான் சிக்கல். ஆகவே கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பெடலை மிதியுங்கள். ஆழம் முழுவதும், அலை வடிவம் சதுரத்தை நோக்கி. ஆம்பை வழக்கத்தைவிடச் சற்று உரக்க வையுங்கள். இப்போது வேகத்தை மெல்லத் திருப்பினால், டிக் இருக்குமானால் வேகத்தோடு கூடவே ஓடும். அதோடு முடிவுக்கு வந்துவிட வேண்டாம். பெடலில் புது பேட்டரியைப் போட்டோ, வேறெந்தப் பெடலையும் இணைக்காத தனி அடாப்டரில் மாட்டியோ மறுபடி கேளுங்கள். சத்தம் நின்றுவிட்டால் குற்றம் பெடலுடையது அல்ல. ஒரே அடாப்டரில் ஐந்தாறு பெடல்களைச் சங்கிலியாகக் கோத்ததன் விளைவு. நிற்கவில்லை என்றால் அந்தப் பெடலை விட்டுவிடுங்கள், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும்.

சிலர் வேறொன்றை டிக் என்று தவறாக எண்ணித் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். ட்ரெமோலோவுக்கு முன்னால் ஒலியைக் கரகரப்பாக்கும், இரைச்சல் மிகுந்த டிஸ்டார்ஷன் பெடல் இருந்தால் அதன் 'ஸ்ஸ்' என்ற ஒலியும் அலையோடு சேர்ந்து ஏறி இறங்கும். அது இயல்பானது. மென்மையாக வந்து போகும். டிக் என்று தட்டாது.

வேகம்

வேகக் குமிழில் எண் போட்டிருக்காது. எந்த வேகம் வேண்டும் என்பதை நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் ஒரு தட்டுக்கு ஓர் அசைவு வேண்டுமானால் நொடிக்கு 2 அசைவு. ஒரு தட்டுக்கு இரண்டு என்றால் 4, நான்கு என்றால் 8. நிமிடத்துக்கு 60 தட்டு ஓடும் மெல்லிய பாட்டில் தட்டுக்கு ஒன்று வேண்டுமானால் நொடிக்கு ஒன்றே ஒன்று. மலிவான பெடல்களில் சில இந்த மெதுவான முனையில்தான் கைவிடும். இன்னும் சிலவற்றில் குமிழின் முதல் பாதி முழுக்க ஒன்றும் மாறாததுபோல் இருந்துவிட்டு, பயன்படும் வேகங்கள் எல்லாம் கடைசிக் கால்பகுதியில் நெருக்கியடித்துக் கிடக்கும். ஒரு மயிரிழை திருப்பினால் வேகம் எகிறும். மேடையில் அதோடு மல்லுக்கட்ட முடியாது. குமிழை முழு வட்டமும் திருப்பிப் பாருங்கள், வேகம் படிப்படியாகக் கூடுகிறதா என்று.

காலால் தட்டி வேகத்தை அமைக்கும் டேப் டெம்போ வசதி விலையை ஏற்றிவிடும். அது எல்லோருக்கும் தேவை என்று நான் நினைக்கவில்லை. தாளம் காட்டும் கிளிக் ஒலியைக் காதில் கேட்டு வாசிப்பவர், ஒலியைச் சதுரமாக வெட்டி அதையே தாளமாக்குபவர் ஆகியோருக்குக் கட்டாயம் வேண்டும். நீண்டு ஒலிக்கும் கம்பிகளுக்கு லேசான நெளிவு கொடுக்கிறவருக்கு அது வெறும் அலங்காரம். அசைவு தாளத்தோடு சரியாகப் பொருந்தாவிட்டாலும் ஆழம் குறைவாக இருக்கும்போது யாருக்கும் தெரியாது. வேகத்துக்கேற்ப மின்னும் சிறு விளக்கு இருந்தால் அதுவே போதும்: பெடலை மிதிக்குமுன் வேகம் எவ்வளவு என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

பெட்டியின் மேல் எழுதியிருப்பவை

ஆப்டிகல், பயஸ், ஹார்மோனிக் என்ற சொற்களுக்கு விலை உண்டு. மூன்றும் பழைய ஆம்ப்களிலிருந்து வந்தவை. 1960களின் நடுவில் ஃபெண்டர் தயாரித்த ட்வின் ரிவெர்ப், டீலக்ஸ் ரிவெர்ப் ஆம்ப்களில் ஒரு சிறு நியான் விளக்கும் அதன் ஒளிக்கேற்ப மின்தடை மாறும் உறுப்பும் சேர்ந்து ஒலியளவை அசைத்தன; இதுதான் ஆப்டிகல். அந்த உறுப்பு வெளிச்சத்துக்கு விரைவாகவும் இருட்டுக்குச் சோம்பலாகவும் பதில் சொல்வதால் ஏற்றமும் இறக்கமும் ஒரே வேகத்தில் இருப்பதில்லை. அந்தக் கோணல்தான் அதன் அழகு. பிரின்ஸ்டன் ரிவெர்பில் வெளியீட்டு வால்வுகளின் பயஸை, அதாவது அவற்றின் இயக்க நிலையை அமைக்கும் மின்னழுத்தத்தையே, அசைத்தார்கள். ஒலி இன்னும் வழவழப்பாக இருக்கும். 1960களின் தொடக்கத்தில் வந்த பழுப்பு நிற ஃபெண்டர் ஆம்ப்கள் சிலவற்றில் கீழ் ஒலிகளும் மேல் ஒலிகளும் பிரிந்து மாறி மாறி எழுந்தன. அதுதான் ஹார்மோனிக்.

முதல் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நான் மதிக்கிறேன், ஆனால் அதற்காக இரு மடங்கு விலை கொடுக்கச் சொல்ல மாட்டேன். மூவர் நிறுவனத்தின் ட்ரெலிகாப்டர் போன்ற சின்னஞ்சிறு மலிவுப் பெடலே ஆப்டிகல் வகைதான். ஹார்மோனிக் மட்டும் உண்மையிலேயே வேறு ஒலி. சுழல்வதுபோன்ற ஒலி தரும் பேஸர் பெடலின் தூரத்து உறவு என்று சொல்லலாம். அதுதான் வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தால் காத்திருந்து பணம் சேர்ப்பது நல்லது. சாதாரண ட்ரெமோலோவை வாங்கிவிட்டு அதில் அந்த ஒலியைத் தேடினால் கிடைக்காது.

ட்ரூ பைபாஸ் (பெடலை அணைத்ததும் ஒலி அதன் சுற்றைத் தொடாமல் நேராகப் போகும் அமைப்பு) இல்லையென்று ஒரு பெடலை ஒதுக்குவது வீண். ஓரிரண்டு பெடல் வைத்திருப்பவருக்கு அதனால் கெடுவது எதுவும் இல்லை. கேபிள் நீளமாக இருந்தால் பஃபர் (சிக்னல் வலுவிழக்காமல் காக்கும் சுற்று) உள்ள பெடல் நன்மையே செய்யும். ஸ்டீரியோவும் இரண்டு ஆம்ப் உள்ளவருக்குத்தான்.

யூடியூப் செயல்விளக்கங்களைக் கேட்டு முடிவெடுப்பதானால் ஒன்றை நினைவில் வையுங்கள். பெரும்பாலானவற்றில் கிட்டார் தனியாக, தாராளமான ரிவெர்புக்குள் மிதந்துகொண்டிருக்கும். நுட்பமான அசைவெல்லாம் அங்கே தேனாக இனிக்கும். இசைக்குழுவோடு சேரும்போது அந்த நுட்பம் காணாமல் போய்விடும். டிக் ஒலியும் போன் ஸ்பீக்கரில் கேட்காது.

வாங்கிய பிறகு பெடல்களை இணைக்கும் வரிசையிலும் கவனம் வேண்டும். டிஸ்டார்ஷனுக்கு முன்னால் ட்ரெமோலோவை வைத்தால், டிஸ்டார்ஷன் ஏற்ற இறக்கங்களை எல்லாம் நசுக்கித் தட்டையாக்கிவிடும்; பெடல் வேலை செய்யவில்லை என்று தோன்றும். பின்னால் மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு அதன் பிறகு குறை சொல்லுங்கள்.

அடாப்டர்

பழைய ரவுட்டர், பொம்மை ஆகியவற்றின் 9 வோல்ட் அடாப்டர் இழுப்பறையில் கிடக்கும். பிளக்கும் பெடலின் துளைக்குள் கச்சிதமாகப் போகும். அங்கேதான் ஆபத்து. அத்தகைய அடாப்டர்களில் பெரும்பாலும் பிளக்கின் நடுத்துளை நேர்முனை; கிட்டார் பெடல்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் நடுப்பகுதி எதிர்முனை. பாதுகாப்புச் சுற்று இல்லாத மலிவுப் பெடலில் தலைகீழாக மின்சாரம் பாய்ந்தால் அதன் ஆயுள் அந்த நொடியோடு முடிந்துவிடலாம். அடாப்டரின் முதுகில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றி உடைந்த வட்டமும் வரைந்திருப்பார்கள். புள்ளியிலிருந்து போகும் கோட்டின் முனையில் கழித்தல் குறி இருந்தால் மட்டும் மாட்டுங்கள்.

மில்லி ஆம்பியர் எண் பெடலுக்குத் தேவையானதைவிடக் கூடுதலாக இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. பெடல் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். குறைவாக இருந்தால்தான் தொல்லை. கையடக்க மினி பெடல்களில் பேட்டரி வைக்க இடமே இருக்காது என்பதால் அடாப்டர் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். பேட்டரி போடும் பெடலாக இருந்தால், வாசித்து முடித்ததும் இன்புட் துளையிலிருந்து கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். பெரும்பாலான பெடல்களில் அந்தக் கேபிள்தான் மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்; விளக்கு எரியாவிட்டாலும் பேட்டரி கரைந்துகொண்டேதான் இருக்கும்.