தோட்டப் பட்டணத்தில் வீட்டுத் தரகு ஆபீஸ்: எங்கே சறுக்குகிறார்கள்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட் போன்ற ஊரில் யார் வீடு விற்கிறார், யார் வீடு தேடுகிறார் என்பதெல்லாம் கோயில் திருவிழாவிலும் ஒட்டுக்கடையிலும் தெரிந்துவிடும். நாலு வீட்டைக் கைமாற்றிக் கொடுத்தவருக்கு, நாமே ஆபீஸ் போட்டால் என்ன என்று தோன்றத்தான் செய்யும். எஸ்எஸ்எம் என்ற நிறுவனப் பதிவு ஆணையத்தில் பெயரைப் பதிந்து, கடை பிடித்து, பலகையும் மாட்டிவிடுகிறார்கள். தவறு அங்கேயே ஆரம்பிக்கிறது.

எஸ்எஸ்எம் பதிவு வியாபாரத்துக்கு மட்டும்தான். தரகுத் தொழில் 1981ஆம் ஆண்டின் 242ஆம் சட்டத்தின் கீழ் வருகிறது. இரண்டு நாள் வகுப்பு முடித்து, சிவப்பு அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டவர் 'ஆர்இஎன்', அதாவது வீடு விற்றுக் கொடுக்கும் பேரப் பணியாளர். அவர் ஒரு நிறுவனத்தின் கீழ்தான் வேலை செய்யலாம். சொந்தமாக நிறுவனம் நடத்த, டிப்ளோமா, இரண்டு வருடப் பயிற்சி, தகுதித் தேர்வு எல்லாம் தாண்டி, சொத்து முகவர்களைக் கண்காணிக்கும் வாரியத்தில் முகவராகப் பதிவு பெற வேண்டும். உரிமம் இல்லாமல் தொழில் செய்து மாட்டினால் 300,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்ஸ் உள்ளவர் பெயரை மாதவாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். காதில் வாங்காதீர்கள்.

அடுத்தது முன்பணம். வீட்டு விலையில் வாங்குபவர் முதலில் தரும் 2 அல்லது 3 விழுக்காடு உங்கள் பணம் அல்ல. அதை வாடிக்கையாளர் கணக்கில் தனியாக வைக்க வேண்டும். தெரிந்தவர்தானே என்று ரொக்கமாக வாங்கி, ரசீதும் தராமல், கடை வாடகைக்கு எடுத்துப் புரட்டினால், வியாபாரம் முறிகிற அன்று கொடுக்கப் பணம் இருக்காது. சின்ன ஊரில் அந்தப் பேச்சு அடங்க வருடக்கணக்காகும்.

நம் ஊர்களில் ஆள் அதிகம் சிக்குவது கிராண்ட் எனப்படும் நிலப் பட்டாவில்தான். அப்பா இறந்து பத்து வருடம் ஆகியிருக்கும், வீடு இன்னும் அவர் பெயரில் இருக்கும். அண்ணன் விற்கச் சம்மதிப்பார், கிள்ளானில் இருக்கும் தங்கைக்கு விஷயமே தெரியாது. புசாக்கா, அதாவது இறந்தவர் சொத்தை வாரிசுகளுக்கு மாற்றும் வேலை, முடியாமல் அந்த வீட்டை விற்க முடியாது. மலிவு விலை வீடுகள் பலவற்றில் மாநில அரசின் ஒப்புதலில்லாமல் பெயர் மாற்றக் கூடாது என்று கிராண்டிலேயே அச்சாகியிருக்கும். மலாய்க்காரர்களுக்கென்று ஒதுக்கிய மலாய் ரிசர்வ் நிலமாக இருந்தால் நம்மவர் வாங்கவே முடியாது. விளம்பரம் போடுமுன் நில அலுவலகத்தில் ஒரு செர்ச் (பட்டா விவரத் தேடல்) எடுத்தால் இவற்றில் பெரும்பாலானவை அன்றே தெரிந்துவிடும். அந்தச் சில்லறைச் செலவை மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

தோட்ட நிலத்தில் கை வைப்பது இன்னும் பெரிய காரியம். 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்டத்தைக் கைமாற்ற, தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் நம் ஜனங்கள் பட்டது இங்கே எல்லாருக்கும் தெரியும். இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதனால்தான். இந்தப் பின்னணி தெரியாமல் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கலாம் என்று கிளம்பும் தரகரை ஊர் எப்படிப் பார்க்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் வருமானக் கணக்கு. விற்பனைக் கமிஷனுக்கு உச்சவரம்பு விலையில் 3 விழுக்காடு. 200,000 ரிங்கிட் வீட்டுக்கு அதிகபட்சம் 6,000. அதில் ஆர்இஎன்னின் பங்கு போக மிஞ்சுவதுதான் நிறுவனத்துக்கு. வங்கிக் கடன் கிடைக்காமல் வியாபாரம் நின்றுபோவதும் உண்டு. கையில் ஆறு மாதச் செலவுக்காவது பணம் இல்லாமல் கடைக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

கமிஷன் எவ்வளவு, யார் தருவது என்பதை முதல் சந்திப்பிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மாமன், மச்சான் என்றாலும் சரி. சாவி கைமாறிய பிறகு, "நம்ம பையன்தானே, டீ செலவுக்கு வெச்சுக்கப்பா" என்று இருநூறு ரிங்கிட்டை நீட்டும் சொந்தக்காரர் எல்லா ஊரிலும் இருக்கிறார்.