ஸ்போர்ட்ஸ் பைக் ஒப்பிட: டார்க் வரும் ஆர்பிஎம்-ஐப் பாருங்க

ரோட்டில் ஓட்ட ஸ்போர்ட்ஸ் பைக் பார்க்கிறீங்களா? பிஎச்பி-யை (என்ஜின் பவர்) விட்டுட்டு, டார்க் (என்ஜினின் முறுக்கு விசை, என்எம்-இல் சொல்வாங்க) எண்ணுக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் ஆர்பிஎம்-ஐ (என்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை முறை சுத்துது) முதலில் பாருங்க. 599 சிசி யமஹா ஆர்6 தன் உச்ச டார்க்கான 61.7 என்எம்-ஐத் தருவது 10,500 ஆர்பிஎம்-இல். பவர் உச்சமோ 14,500-இல். ரோட்டில் அந்த அளவுக்கு யார் முறுக்கப் போறாங்க? 689 சிசி ஆர்7 பவரில் குறைவுதான், ஆனால் 67 என்எம் 6,500-லேயே கிடைச்சிடும். கியர் இறக்காமலே பல நேரம் லாரியைத் தாண்டிடலாம்.

லிட்டர் பைக்கோடு (சுமார் 1,000 சிசி பைக்) ஒப்பிட இந்தக் கணக்கு உதவாது. யமஹாவின் லிட்டர் பைக்கான ஆர்1-இன் டார்க் உச்சமும் 11,500-இல்தான், ஆனால் 998 சிசி இருப்பதால் 5,000-லேயே ஆர்6-ஐவிட நல்லா இழுக்கும். ரேஸ் டிராக்குக்கும் பொருந்தாது. அங்கே ஆர்பிஎம் எப்பவும் மேலேயே நிற்கும், பிஎச்பி-தான் பேசும்.