பட்டா, பாலியஸ்டரா? ஒரு நூலிழை போதும்

புடவையின் முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர் ஊற்றிய தட்டுக்கு மேலே தீக்குச்சியால் கொளுத்திப் பாருங்கள். பட்டு என்றால் தலைமுடி பொசுங்கும் நாற்றம் வரும். இரண்டுமே புரதம்தானே! தீயை விலக்கியதும் அநேகமாகத் தானே அணைந்துவிடும். கருகிய நுனியை ஆறியபின் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் சுருங்கி, உருகி, கெட்டியான மணியாக இறுகும். உருகும் சொட்டு கையில் பட்டால் பொத்துவிடும், கவனம். பருத்தியானால் காகிதம் எரிந்த வாசனை.

குஞ்சத்தில் பெரும்பாலும் பாவு நூல், அதாவது புடவையின் நீளவாக்கில் ஓடும் நூல், மட்டுமே இருக்கும். கலப்படம் குறுக்கே ஓடும் ஊடை நூலில்தான் ஒளிந்திருக்கலாம். அதனால் ஓரத்திலிருந்து ஓர் ஊடை இழையையும் உருவி, தனியாகக் கொளுத்திப் பார்த்துவிடுங்கள்.