‘பாக்கலாமுங்க’ என்றால் ஆர்டர் அல்ல: பள்ளிக்கான ஏ.ஐ. மென்பொருள் ஐடியாவை எடை போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொங்கு நாட்டில் எந்தத் தாளாளரும் உங்கள் முகத்துக்கு நேரே ‘வேண்டாம்’ என்று சொல்ல மாட்டார். உட்காரச் சொல்வார், காபி வரவழைப்பார், எந்த ஊர் என்று கேட்பார், அந்த ஊரில் தனக்குத் தெரிந்த ஆளை உங்களுக்கும் தெரியுமா என்று விசாரிப்பார். நாற்பது நிமிட டெமோவைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “நல்லாப் பண்ணியிருக்கறீங்க தம்பி, பாக்கலாமுங்க” என்பார். வெளியே வந்து பைக்கை எடுக்கும்போது உங்கள் கூட்டாளி, “இது முடிஞ்ச மாதிரிதான்டா” என்பான். முடிந்துதான் போயிருக்கும், அவன் நினைத்த அர்த்தத்தில் அல்ல.

ஈரோட்டில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து மூன்று வருடம் பள்ளி மென்பொருள் விற்றவன் நான். அந்த ‘பாக்கலாமுங்க’க்களை எல்லாம் எக்ஸெல் ஷீட்டில் பச்சை நிறம் அடித்து வைத்திருந்தேன். கடையை மூடிய நாளிலும் அவை பச்சையாகவே இருந்தன. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து, இதே ஐடியாவோடு என்னைத் தேடி வரும் தம்பி தங்கைகள் கூடிவிட்டார்கள். வருகைப்பதிவு, பீஸ், கேள்வித்தாள், விடைத்தாள் திருத்தம், பெற்றோருக்குத் தகவல் என்று எல்லாவற்றிலும் ஏ.ஐ. இருக்கும் என்கிறார்கள். ஐடியா மோசமில்லை. அதை எடை போடும் தராசுதான் பெரும்பாலும் சாய்ந்திருக்கிறது.

முதல் தவறு, பாராட்டை வியாபாரமாக எடுத்துக்கொள்வது. வெள்ளகோவில் பக்கம் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்கு இது புரியும். சித்திரையில் கட்டி நிற்கும் காங்கேயம் காளையைத் தட்டிக்கொடுத்து, திமிலைப் பார்த்து, ‘நல்ல மாடு’ என்று சொல்லிப் போகிறவர்கள் கணக்கில்லை. விற்கிறவர் அவர்களை எண்ணுவதில்லை, அச்சாரம் கொடுப்பவர் வரும்வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நீங்களும் அச்சாரம் கேளுங்கள். “ஐயாயிரம் ரூபாய் முன்பணம் கொடுங்க, ஜூனில் பள்ளி திறக்கும்போது தயாராக இருக்கும், சரிவராவிட்டால் திருப்பித் தருகிறோம்” என்று கேட்டுப் பார்த்தால் அறையின் சூடே மாறும். “எங்க ஒறம்பரைப் பையன் ஒருத்தன் பண்ணித் தர்றேங்கறான்.” “ஆபீஸ்ல இருக்கற அம்மிணி ஒத்துக்கோணுமே.” “மூணு வருஷம் முன்ன ஒண்ணு வாங்குனம், அது கிடக்குது.” நீங்கள் தேடிப் போன தகவல் இந்த மூன்று வாக்கியங்களில்தான் இருக்கிறது. டெமோ மட்டும் காட்டிவிட்டு வந்திருந்தால் இவை வெளியே வந்திருக்காது.

இலவசமாகக் கொடுத்துப் பழக்கிவிட்டு அப்புறம் காசு கேட்கலாம் என்பது இதன் தம்பி. இலவசமாக வந்த மென்பொருளில் ஒரு வகுப்பின் பெயர்ப் பட்டியலைக்கூட யாரும் முழுதாக ஏற்ற மாட்டார்கள். நான் நான்கு பள்ளிகளுக்கு அப்படிக் கொடுத்தேன். நான்கிலும் எட்டாம் வகுப்பு ‘அ’ பிரிவோடு வேலை நின்றது.

அடுத்தது கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டிய விஷயம். காசு கொடுப்பவர் தாளாளர். தினமும் உங்கள் மென்பொருளைத் திறக்கப்போவது ஆபீஸ் அக்கா. ஐடியாவை எடை போடுகிறவர்கள் தாளாளரையும் முதல்வரையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பீஸ் கவுன்டரில் ஒரு முழுநாள் உட்காருவதே இல்லை.

கோபி பக்கம் ஒரு பள்ளியில் நான் பட்டது இது. வகுப்புக்கு இவ்வளவு கட்டணம், மூன்று டேர்ம், தாமதமானால் நினைவூட்டல் என்று அழகான பீஸ் மாட்யூல் செய்து கொண்டுபோனேன். அந்த அக்கா பெரிய நோட்டு ஒன்றைத் திறந்து காட்டினார். அண்ணன் தம்பி இரண்டு பேர் படித்தால் சின்னவனுக்குக் குறைவு. பஸ் பீஸ் ஊருக்கு ஊர் அல்ல, நிறுத்தத்துக்கு நிறுத்தம் வேறு. போன வருடப் பாக்கி தனி. மஞ்சள் வெட்டி விற்ற பிறகு கட்டுகிறேன் என்ற விவசாயிக்குத் தவணை. பள்ளியை நடத்துவது பல பங்குதாரர்கள் சேர்ந்த டிரஸ்ட், அதில் யார் சொல்லி எவ்வளவு குறைத்தது என்பதற்குப் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலில் ஓர் எழுத்து. அதை வைத்துத்தான் வருடக் கடைசியில் பங்குதாரர்கள் தங்களுக்குள் கணக்குப் பேசுவார்கள். என் மென்பொருளில் பென்சில் இல்லை. அக்கா சிரித்துக்கொண்டே, “இதுவும் இருக்கட்டுங்க, நோட்டும் இருக்கட்டும்” என்றார். இரண்டிலும் எழுத அவருக்கு என்ன தலையெழுத்து? மூன்றாம் மாதம் நோட்டு மட்டும் இருந்தது.

இதில் இன்னொரு கசப்பும் உண்டு. தனியார் பள்ளிக் கட்டணத்தை முறைப்படுத்த 2009இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு பள்ளிவாரியாகக் கட்டணம் நிர்ணயிக்கிறது. எல்லாப் பள்ளியும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் நிர்ணயித்தது ஒன்று, வாங்குவது ஒன்று என்று இருக்கும் இடத்தில், எல்லாக் கணக்கும் ஒரே திரையில் தெரியும் என்பது விற்பனை வாசகம் ஆகாது, பயமுறுத்தல். அங்கே இரண்டாவது கணக்குக்கு ரகசியத் திரை செய்து தரச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆசிரியர் பக்கம் வேறு கதை. தமிழ்நாடு அரசின் பள்ளித் தகவல் தளமான எமிஸில் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் எண் உண்டு, அந்தத் தளத்தில் தனியார் பள்ளிகளும் விவரம் ஏற்றியாக வேண்டும். ஒன்றிய அரசின் பள்ளித் தகவல் தளமான யூடைஸ் பிளஸ் வேறு. இவற்றுக்குமேல் உங்கள் மென்பொருளிலும் அதே பெயர், அதே பிறந்த தேதி, அதே ரத்தப் பிரிவு என்றால், அந்த மிஸ்ஸுக்கு நீங்கள் நேரம் மிச்சப்படுத்தவில்லை, மூன்றாவது வேலை கொடுத்திருக்கிறீர்கள். ஐடியாவை எடை போடும்போது அவரிடம் எந்த வசதி வேண்டும் என்று கேட்காதீர்கள், எல்லாம் வேண்டும் என்பார். நேற்று நாலு மணிக்கு மேல் என்னென்ன எழுதினீர்கள் என்று கேளுங்கள்.

சரி, ஏ.ஐ.க்கு வருவோம். இங்கே நடக்கும் பெரிய தவறு, ஆங்கிலத்தில் சோதித்துவிட்டுத் தமிழ்வழி வகுப்புக்கு விற்க நினைப்பது. பத்தாம் வகுப்பு அறிவியலில் ஒரு பாடம் கொடுத்து, தமிழில் இருபத்தைந்து கேள்வி கேட்டுப் பாருங்கள். வாக்கியங்கள் வழவழவென்று வரும். சொற்களைப் பாருங்கள். நம் பாடநூலில் ‘முடுக்கம்’ என்று இருப்பது இலங்கைப் பாடநூலில் ‘ஆர்முடுகல்’. இங்கே ‘ஒளிச்சேர்க்கை’, அங்கே ‘ஒளித்தொகுப்பு’. இரண்டும் நல்ல தமிழ்தான். இணையத்தில் இரண்டும் கலந்து கிடக்க, ஏ.ஐ.யும் கலந்தே தருகிறது. பெருந்துறைப் பக்கம் ஒரு மாணவி தேர்வில் ‘ஆர்முடுகல்’ என்ற சொல்லைப் பார்த்தால் அது பாடத்தில் இல்லாத கேள்வி என்று விட்டுவிடுவாள். ஆசிரியருக்கு வேண்டியது பாடநூலின் சொல், பாடத்தின் பின்னால் இருக்கும் புக் பேக் கேள்வி எத்தனை, பாடத்துக்குள்ளிருந்து எடுக்கும் உள்வினா எத்தனை, ஒரு மதிப்பெண், இரு மதிப்பெண் பிரிப்பு. அந்தப் பிரிப்பு தவறினால் கேள்வி எவ்வளவு புத்திசாலித்தனமாக இருந்தாலும் அவருக்குக் குப்பை.

ஒரு சோதனை சொல்கிறேன், செலவில்லாதது. மூன்று ஆசிரியர்களிடம் ஏ.ஐ. எழுதிய கேள்வித்தாளைக் கொடுத்து, வகுப்புக்குக் கொண்டுபோகும் அளவுக்குத் திருத்தச் சொல்லுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். அதே ஆசிரியர் வழக்கம்போல கைடையும் போன வருடத் தாளையும் வைத்து ஒரு தாள் தயாரிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் பாருங்கள். திருத்தும் நேரம் கூடுதல் என்றால் உங்கள் கையில் இருப்பது இன்னும் பொருள் அல்ல, வேடிக்கை. விடைத்தாள் திருத்தம் இதைவிடக் கடினம். கையெழுத்தில் ‘ர’வும் துணைக்காலும் ஒன்றுபோல இருக்கும் பிள்ளைகள் வகுப்புக்குப் பத்துப் பேராவது உண்டு. அரை மதிப்பெண் ஏன் போயிற்று என்று அம்மா வந்து நிற்கும்போது, கணினி சொன்னது என்று எந்த ஆசிரியரும் சொல்லிவிட முடியாது.

செலவையும் தமிழிலேயே பாருங்கள். ஏ.ஐ. நிறுவனங்கள் டோக்கன் கணக்கில், அதாவது எழுத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி எண்ணி, காசு வாங்குகின்றன. ஒரே விஷயத்தை எழுத ஆங்கிலத்தைவிடத் தமிழுக்குக் கூடுதல் டோக்கன் பிடிக்கும். ஆங்கிலத்தில் போட்ட பட்ஜெட் இங்கே கடிக்கும்.

கணக்கு என்றதும் எல்லோரும் காட்டும் அந்த ஸ்லைடு நினைவுக்கு வருகிறது: இந்தியாவில் சுமார் 15 லட்சம் பள்ளிகள், ஒரு சதவீதம் கிடைத்தாலே போதும். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அரசுப் பள்ளிகள், அங்கே நீங்கள் கதவைத் தட்டி விற்க முடியாது. மீதியில் உங்கள் பைக் எட்டும் தூரத்தில் இருப்பவை எத்தனை? 2022இல் 2,200 கோடி டாலர் மதிப்பு பேசப்பட்ட இணையவழிக் கல்வி நிறுவனம் பைஜூஸ் 2024இல் திவால் நடவடிக்கைக்குள் போனது. சந்தை பெரிது என்பது அதற்கும் உண்மையாகத்தான் இருந்தது.

சின்னக் கணக்கு போடுவோம். 600 பிள்ளைகள் படிக்கும் பள்ளி, பிள்ளைக்கு வருடம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60,000 ரூபாய். மென்பொருளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 70,800. நூல் மில்லுக்கு விற்றிருந்தால் அந்த வரியை அவர்கள் உள்ளீட்டு வரியாக, அதாவது தாங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்து, திரும்ப எடுத்துக்கொள்வார்கள். பள்ளிக் கல்விக்கு ஜி.எஸ்.டி. விலக்கு என்பதால் பள்ளியால் எடுக்க முடியாது, அந்த 10,800 அவர்களுக்குச் செலவேதான். தாளாளர் அதையும் சேர்த்துத்தான் பேரம் பேசுவார். சப்போர்ட்டுக்கு மாதம் 15,000 சம்பளத்தில் ஓர் ஆள் வைத்தால் வருடம் 1,80,000. மூன்று பள்ளிகளின் மொத்த வரவு அந்த ஓர் ஆளுக்கே போய்விடும். சர்வர், ஏ.ஐ. கட்டணம், வாட்ஸ்அப் கட்டணம், பெட்ரோல் எல்லாம் அப்புறம்.

மாதம் பார்க்காமல் கிளம்புவதும் ஒரு தவறு. ஆடிப் பட்டம் தேடி விதைக்கும் ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. பள்ளிகளுக்கு மார்ச்சில் பொதுத்தேர்வு, ஏப்ரல் மே மாதங்களில் அட்மிஷன். புதிதாக எதை மாற்றுவதானாலும் ஜூனுக்கு முன்னால் மாற்ற வேண்டும். ஆகஸ்டில் போய் விற்றால் ‘அடுத்த வருஷம் பாக்கலாமுங்க’தான். அதனால் ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை உட்கார்ந்து கவனிக்கும் மாதங்கள், ஜனவரி முதல் அச்சாரம் கேட்கும் மாதங்கள்.

கொங்குப் பள்ளிகள் என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடவும் கூடாது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து விடுதிப் பள்ளிகளின் கவலை வாரத் தேர்வும் இரவுப் படிப்பும். அங்கே ஆசிரியர்கள் பல வருடம் சேர்த்த கேள்வித் தொகுப்புதான் பள்ளியின் மூலதனம், அதை உங்கள் சர்வரில் ஏற்றுங்கள் என்றால் தோட்டத்துப் பத்திரத்தைக் கேட்டது போலப் பார்ப்பார்கள். பொள்ளாச்சிப் பக்கத்து மழலையர் தொடக்கப் பள்ளிக்கு வேனும் டைரியும்தான் உலகம். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த வெளிமாநிலக் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில், பெற்றோருக்கு அனுப்பும் செய்தி எந்த மொழியில் என்பதே முதல் கேள்வி. மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி ஹேக்கத்தான் என்னும் மென்பொருள் போட்டியில் பரிசு வாங்கியதைச் சான்றாகக் காட்டுபவர்களுக்கு ஒரு வரிதான்: அந்த நடுவர்களில் ஒருவரும் பள்ளி நடத்தவில்லை.

கடைசியாகச் சட்டம். முகத்தைப் பார்த்து வருகை எடுப்பது, பிள்ளையின் கவனம் சிதறுவதை கேமராவில் அளப்பது என்றெல்லாம் ஸ்லைடில் எழுதும்முன் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் படியுங்கள். அதில் 18 வயது நிறையாத எல்லோரும் குழந்தைகள். அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல், அதுவும் சரிபார்க்கக்கூடிய ஒப்புதல் வேண்டும். பிள்ளைகளின் நடத்தையைக் கண்காணிப்பதற்குத் தடை இருக்கிறது. பள்ளிகளுக்குச் சில விலக்குகள் உண்டு, அவை உங்கள் நிறுவனத்துக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை வக்கீலிடம் கேட்க வேண்டும். பிள்ளைகள் தொடர்பான கடமையை மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். 60,000 ரூபாய் பில்லுக்கு இந்த ஆபத்து.

போன தை மாதம் என்னைப் பார்க்க வந்த இரண்டு பேர் இந்தச் சோதனைகளைச் செய்து பார்த்தார்கள். பதினொரு பள்ளியில் முன்பணம் கேட்டு, இரண்டில் வாங்கினார்கள். அந்த இரண்டு பள்ளிக்கும் கேள்வித்தாள் வேண்டாமாம், நிறுத்தவாரியாக பஸ் பீஸ் பாக்கியும், யார் சொல்லிக் குறைத்தது என்று எழுத ஒரு கட்டமும் போதுமாம். “ஏ.ஐ.யை எங்கண்ணா வைக்கறது?” என்று அதில் ஒருவன் போனில் கேட்டான். எனக்கும் தெரியவில்லை. பீஸ் கவுன்டரில் இன்னும் ஒரு வாரம் உட்காரச் சொல்லியிருக்கிறேன்.